வாசகர் ஒப்படைக்கும் ரகசியம்

(கணினித் துறை மாணவர் மன்றம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பயனர் நம்பிப் பிரவேசிக்கத்தக்க வாயிலும், பிரவேசித்தவர் விரும்பித் தங்கத்தக்க உள்ளடக்கமும் உடைய இணையதளத்தை அமைப்பது எப்படி என்பது பற்றிப் பேசவேண்டும் என்று உங்கள் மன்றத்தார் கேட்டுக்கொண்டார்கள். வாயில் நிரல் எழுதுபவரின் வேலை, உள்ளடக்கம் எழுத்தாளரின் வேலை என்று இவ்விரண்டையும் பிரித்துவைத்துப் பார்ப்பதே பெரும்பாலோர் வழக்கம். அந்தப் பிரிவினை எனக்கு உடன்பாடன்று. ஒரு தளம் தன் வாசகரிடம் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்கின்ற அந்த நிமிஷத்தில், அவர் தம்முடைய ரகசியம் ஒன்றை முன்பின் அறியாத ஒருவர் கையில் ஒப்படைக்கிறார். அவ்வாறு ஒப்படைப்பதற்குத் தகுந்த காரியம் ஏதேனும் உள்ளே இருக்கிறதா என்பது உள்ளடக்கத்தைப் பற்றிய கேள்வி. ஒப்படைத்ததை அடைக்கலப் பொருளாகக் காக்கும் திறமையும் எண்ணமும் தளத்தாருக்கு உண்டா என்பது உள்நுழைவைப் பற்றிய கேள்வி. ஒன்றுக்கு விடை சொல்லாமல் மற்றொன்றுக்கு விடை சொல்ல முடியாது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

கடவுச்சொல்லின் சரித்திரத்திலிருந்து தொடங்குவது நலம். ஏனென்றால், இன்று நாம் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை அதன் முதல் சில ஆண்டுகளிலேயே செய்யப்பட்டு, கண்டறியப்பட்டு, எழுதியும் வைக்கப்பட்டவை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்ற அறிஞரின் தலைமையில், ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பு 1961ஆம் ஆண்டு நவம்பரில் செய்துகாட்டப்பட்டது. ஒருவருடைய கோப்புகள் மற்றொருவர் கண்ணில் படாதிருக்கவும், அவரவர்க்கு ஒதுக்கிய கணினி நேரத்தை அவரவரே செலவழிக்கவும், ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சொல் தரப்பட்டது. மிகவும் எளிய ஏற்பாடு. ஆனால் அந்த ரகசியங்கள் எல்லாம் ஒரே கோப்பில், எழுதியபடியே, வெளிப்படையாக இருந்தன.

அதன் பலன் விரைவிலேயே தெரிந்தது. 1962இல், தம் ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமல் தவித்த ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், கோப்புகளை அச்சிட்டுத் தரக் கேட்கும் துளை அட்டை ஒன்றைத் தயாரித்துக் கொடுத்து, கடவுச்சொற் கோப்பையே முழுமையாக அச்சில் பெற்றுக்கொண்டார். பிறர் பெயரில் நுழைந்து வேலையை முடித்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அதைத் தாமே வெளியிட்டார். 1960களின் நடுவில் நடந்த மற்றொரு சம்பவத்தில், ஒருவர் திருடவேண்டிய அவசியங்கூட ஏற்படவில்லை. நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அன்றாட அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் கடவுச்சொற் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு கணக்கில் ஒரு சமயத்தில் ஒருவரே வேலை செய்வார் என்று எண்ணி எழுதப்பட்டிருந்த அந்தத் திருத்தும் நிரல், இருவருடைய தற்காலிகக் கோப்புக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டது. கோப்புகள் இடம் மாறின. அதன்பின் உள்நுழைந்த ஒவ்வொருவர் முன்னும், அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில், எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன. கோர்பட்டோ பிற்காலத்தில் டூரிங் விருது பெற்று நிகழ்த்திய உரையில் இச்சம்பவத்தை எடுத்துரைத்தார். இதில் தீய எண்ணம் கொண்டவர் எவரும் இல்லை. ரகசியத்தை உள்ளபடியே சேர்த்துவைத்தார்கள், அவ்வளவுதான் குற்றம். சேர்த்துவைத்த ரகசியம் எந்த வழியாகவேனும் ஒருநாள் வெளிவரும் என்று முன்கூட்டியே கருதிக்கொண்டு, வெளிவந்தாலும் வாசகருக்குத் தீங்கு நேராதபடி அமைப்பவரே பொறுப்புள்ள தளத்தார்.

அதற்கான வழியை முதலில் கண்டவர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் நீடாமும் மைக் கையும் ஆவார்கள். கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளவே வேண்டியதில்லை. ஒரு வழியில் மட்டும் செல்லக்கூடிய கணிதச் செயலுக்கு அதை உட்படுத்தி, விளைவை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க இயலாது என்பதுபோல, விளைவிலிருந்து சொல்லைத் திரும்பப் பெற வழியில்லை. பயனர் மறுமுறை வரும்போது அவர் தரும் சொல்லை அதே செயலுக்கு உட்படுத்தி, இரண்டு விளைவுகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால் ஆயிற்று. இன்று ஹேஷ் என்று நீங்கள் வகுப்பில் படிப்பது இதுவே. கேம்பிரிட்ஜின் டைட்டன் கணினியில் 1960களிலேயே கையாளப்பட்ட இந்த யுக்தியை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அறியாதவர்போல நடந்துகொண்ட பெரிய ஸ்தாபனங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1979இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் வெளியிட்ட ஒரு கட்டுரை, நம் துறையில் ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையேனும் படித்திருக்கவேண்டிய ஒன்று. யூனிக்ஸ் கணினிகளில் மனிதர்கள் தாமாகத் தேர்ந்துகொண்ட 3,289 கடவுச்சொற்களை அவர்கள் திரட்டி ஆராய்ந்தார்கள். அவற்றுள் 2,831, அதாவது நூற்றுக்கு 86, எளிதில் ஊகிக்கத்தக்கவையாக இருந்தன. ஒரே எழுத்தாலான கடவுச்சொல்லை வைத்திருந்தவர்கள் 15 பேர். மனித சுபாவம் இது என்று கண்டபின், மனிதரைக் கடிந்துகொள்ளாமல் அமைப்பைத் திருத்த முற்பட்டதே அவ்விருவருடைய பெருமை. ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் தற்செயலான ஓர் எண்ணைக் கலந்து, அதன்பின் கணிதச் செயலுக்கு உட்படுத்தினார்கள். இதற்கு உப்பு என்று பெயர். இதனால் ஒரே சொல்லைத் தேர்ந்த இருவருக்கும் வேறு வேறு விளைவு கிடைக்கும். திருடியவன் ஒரு முறை கணக்கிட்டு எல்லோரையும் பிடிக்க முடியாமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உழைக்க நேரிடும். அந்தச் செயலையும் வேண்டுமென்றே 25 முறை திரும்பத் திரும்ப நடத்தி மெதுவாக்கினார்கள். உண்மையான பயனருக்கு ஒரு விநாடித் துளி தாமதம் பொருட்டன்று. கோடிக்கணக்கான ஊகங்களைச் சோதிக்க முயல்பவனுக்கு அதுவே தடை. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இணையத்தில் பரவிய புழு நிரல், 432 சொற்களைக் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கடவுச்சொற்களை ஊகித்தது. அதை எழுதியவர் அதே ராபர்ட் மாரிஸின் மகன். தந்தை எழுதிய எச்சரிக்கை எவ்வளவு மெய்யானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

இணையதளம் தோன்றியபோது ஒரு புதிய சிக்கல் பிறந்தது. பக்கத்தைக் கேட்பதும் பக்கத்தைக் கொடுப்பதும் அன்றி வேறொன்றையும் அறியாத நெறியாக வலை வகுக்கப்பட்டிருந்தபடியால், சென்ற நொடியில் உள்நுழைந்தவர் இவரே என்பதை சர்வர் நினைவில் வைத்துக்கொள்ள வழி இல்லாதிருந்தது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டூலி 1994இல் குக்கீ என்னும் சிறு குறிப்பைப் புகுத்தி இதற்குப் பரிகாரம் கண்டார். உள்நுழைந்தவருக்கு சர்வர் ஓர் அடையாள எண் தருகிறது. உலாவி ஒவ்வொரு முறையும் அதைக் காட்டுகிறது. ஆகவே கடவுச்சொல்லை எவ்வளவு காத்தாலும், இந்த எண் களவுபோனால் எல்லாம் போயிற்று. அது ஊகிக்க முடியாததாக இருக்கவேண்டும்; மறைகுறியாக்கிய இணைப்பில் மட்டுமே செல்லவேண்டும்; பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்க இயலாதிருக்கவேண்டும்; உள்நுழைந்த அக்கணமே பழைய எண்ணை ஒழித்துப் புதிய எண் தரவேண்டும். உங்கள் பாடநூல்களில் இவை விரிவாக இருப்பதால் இங்கே நான் விரிக்கவில்லை.

இப்போது அந்தப் பெரிய ஸ்தாபனங்களுக்கு வருகிறேன். சமூக வலைத்தளங்களுக்கான சிறு செயலிகளை உருவாக்கிவந்த ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 2009 டிசம்பரில் 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவுபோயின. ஒன்றுகூட ஹேஷ் செய்யப்படாமல், சி.டி.எஸ்.எஸ். காலத்தைப் போலவே வெளிப்படையாக வைக்கப்பட்டிருந்தன. அதன் பயனர்களுள் ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் ஒன்று முதல் ஆறு வரையிலான எண்களை வரிசையாக எழுதியிருந்தார்கள். 2012இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து 65 லட்சம் ஹேஷ்கள் வெளிவந்தன. அவை உப்பின்றி, வேகமான ஷா-1 முறையில் செய்யப்பட்டவை. உண்மையில் களவுபோனவை 11 கோடியே 70 லட்சம் என்பது 2016இல்தான் தெரியவந்தது. 2013இல் அடோபி நிறுவனத்திலிருந்து வெளிவந்த தரவில் கடவுச்சொற்கள் ஹேஷ் செய்யப்படாமல் ஒரே சாவியால் மறைகுறியாக்கப்பட்டிருந்தன. ஒரே சொல்லுக்கு ஒரே மறைகுறி. பக்கத்திலேயே பயனர்கள் தங்கள் நினைவுக்கென எழுதிய குறிப்புகள் வெளிப்படையாக. ஒரு பயனரின் குறிப்பைக் கொண்டு ஆயிரம் பயனர்களின் சொல்லை ஊகிக்க முடிந்தது. நீல்ஸ் புரோவோஸும் டேவிட் மசியெரெஸும் பிகிரிப்ட் என்ற முறையை, கணினியின் வேகம் பெருகப் பெருக அதன் தாமதத்தையும் நாம் பெருக்கிக்கொள்ள இயலுமாறு, 1999இலேயே வகுத்து இலவசமாகக் கொடுத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, இந்நிறுவனங்களுக்கு வறுமையோ அறியாமையோ காரணம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பிறர் ரகசியத்தைத் தம் உடைமை என்று எண்ணினார்கள். அடைக்கலம் என்று எண்ணவில்லை. ஒருவர் ஒரே சொல்லைப் பல இடங்களில் வைத்திருப்பது உலக இயல்பாகையால், ஒரு விளையாட்டுத் தளத்தில் நேர்ந்த அசிரத்தை அவருடைய மின்னஞ்சலையும் வங்கியையும் சென்று தாக்குகிறது.

பயனரைச் சிரமப்படுத்தினால் பாதுகாப்பு பெருகும் என்ற எண்ணமும் நெடுங்காலம் இருந்துவந்தது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டின் சார்பில் பில் பர் என்பவர் 2003இல் எழுதிய வழிகாட்டி, பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திருக்கவேண்டும், அவ்வப்போது மாற்றவேண்டும் என்ற நியமங்களை உலகெங்கும் பரப்பியது. மனிதர்கள் என்ன செய்தார்கள்? பழைய சொல்லின் இறுதியில் ஓர் எண்ணைக் கூட்டினார்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த எண்ணைக் கூட்டினார்கள். திரைக்கு அருகில் எழுதி ஒட்டினார்கள். 2017இல் அந்நிறுவனமே தன் விதிகளை மாற்றியது. பில் பரும் தாம் முன்பு எழுதியதற்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். காரணமின்றி மாற்றச் சொல்லாதீர்கள். கலவை விதிகளைத் திணிக்காதீர்கள். நீளமான தொடரை அனுமதியுங்கள். ஏற்கெனவே வெளிவந்துவிட்ட கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதிலுள்ளதை மறுத்துவிடுங்கள் என்பனவே இன்றைய விதிகள். இருந்தும் நம் நாட்டில் புதிதாக எழும் தளங்கள்கூடப் பழைய விதிகளையே சுமந்துகொண்டு திரிவதைப் பார்க்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள் எழுதப்போகும் தளங்களிலாவது இது நின்றுபோகவேண்டும் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில் தளம் அமைப்பவர்கள் தனியே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆங்கில நூல்களில் இது உங்களுக்கு எளிதில் கிடைக்காது. ஒருவர் தம் கடவுச்சொல்லைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால், அதை மறுக்க எந்த நியாயமும் இல்லை. ஆனால் ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாக இடுவது ஒன்று, ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே அடுத்தடுத்து இடுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமமே. ஆனால் ஹேஷ் செயலுக்கு அவை முற்றிலும் வேறு. ஆகவே ‘கொற்றவை’ என்று வீட்டுக் கணினியில் பதிந்த ஒருவர், வேறு விசைப்பலகை உள்ள கைப்பேசியிலிருந்து அதே சொல்லைப் பிழையின்றி அடித்தும், ‘கடவுச்சொல் தவறு’ என்ற விடையைப் பெறக்கூடும். ஹேஷ் செய்வதற்கு முன் சொல்லை ஒரே வடிவுக்குக் கொண்டுவருகிற இயல்பாக்கம் என்ற ஒரு வரி நிரலே இதற்கு மருந்து. இதைப் போன்றதே மற்றொன்று. பிகிரிப்ட் முறை 72 பைட்டுகளுக்கு மேற்பட்டதைப் பார்ப்பதில்லை. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் செலவாகின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே பதினைந்து பைட்டு. எனவே 24 குறியீடுகளோடு கண்ணை மூடிக்கொள்ளும் அச்செயலில், நீளமான ஒரு தமிழ்த் தொடரின் பின்பாதியை மாற்றி எழுதினாலும் கதவு திறந்துவிடும். நீளத்தை நம்பிய பயனர் ஏமாற்றப்படுகிறார். ஆர்கான்2 போன்ற பின்னை முறைகளில் இக்குறை இல்லை.

பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்பதும் இத்தகையதே. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறு முன்னொட்டோ பின்னொட்டோ இல்லாத கோடிக்கணக்கான தமிழர்கள் அங்கே எதை எழுதுவார்கள்? ஓரெழுத்தை எழுதினால், இரண்டெழுத்தாவது வேண்டும் என்கிறது படிவம். தம் பெயரையே பொய்யாக எழுதும்படி வாசகரைக் கட்டாயப்படுத்திய பிறகு, அவருடைய அடையாளத்தைச் சரிபார்க்கிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பொருள் இருக்கிறதா? ‘பெயர்’ என்ற ஒரே கட்டம் போதும்.

இனி, உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி. ஜாரெட் ஸ்பூல் என்ற வடிவமைப்பு ஆலோசகர் 2009இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பொருள் வாங்க வந்தவர்களைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று வற்புறுத்திவந்த ஒரு வணிகத் தளம், பதிவுப் பொத்தானை நீக்கி, பதிவு செய்யாமலே தொடரலாம் என்று அறிவித்த அளவில், வாங்கி முடித்தோர் தொகை நூற்றுக்கு 45 உயர்ந்தது என்று எழுதியிருக்கிறார். கடைக்காரரோடு உறவு கொண்டாட அவர்கள் வரவில்லை. பொருள் வாங்க வந்தார்கள். வாசகரும் அப்படியே. ஜேக்கப் நீல்சன் 1997இல் ஆராய்ந்தபோது, புதிய பக்கம் ஒன்றைத் திறப்பவர்களில் நூற்றுக்கு 79 பேர் மேலோட்டமாகவே கண்ணை ஓட்டினார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 பேரே. அதே ஆராய்ச்சியில், தற்புகழ்ச்சியை நீக்கி உள்ளதை உள்ளபடி எழுதியதால் மட்டுமே பக்கத்தின் பயன்பாடு 27 விழுக்காடு உயர்ந்தது. எழுத்தைப் பாதியாகச் சுருக்கியதால் 58 விழுக்காடு உயர்ந்தது. உள்ளடக்கம் மனத்தைக் கவரவேண்டும் என்றால் ஆர்ப்பாட்டம் வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும்.

தமிழுலகில் இதற்கு உயர்ந்த உதாரணம் மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய அம்முயற்சியில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்க நூல்களையும் காப்பியங்களையும் பக்தி இலக்கியத்தையும் தட்டச்சு செய்து, பிழைதிருத்தி, உலகுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். முதலில் மயிலை எழுத்துருவிலும், பிறகு திஸ்கி முறையிலும், அதன்பின் யூனிகோடிலும் என, குறியீடுகள் மாறிய காலமெல்லாம் நூல்களை அவர்கள் உடன் கொண்டுவந்தார்கள். படிக்க வந்தவரிடம் பெயர் கேட்டதில்லை. அலங்காரமும் இல்லை. ஆயினும் தமிழ் படிக்கும் மாணவர் திரும்பத் திரும்ப அங்கே செல்கிறார். காரணம், வேறெங்கும் எளிதில் கிடைக்காதது அங்கே நம்பகமாகக் கிடைக்கிறது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் படிப்பதற்கும், பெரும்பாலான பக்கங்களைத் திருத்துவதற்கும்கூட, கணக்குத் தொடங்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தொடங்குகிறவருக்குத் தம் பங்களிப்புகளின் வரலாறும், தாம் விரும்பும் பக்கங்களின் கவனிப்புப் பட்டியலும் கிடைக்கின்றன. அங்கே உள்நுழைவு வாசகருக்குப் பயன் தருகிறது. நிர்வாகியின் ஆசையை மட்டும் நிறைவேற்றுவதன்று. படித்து ருசி கண்டவர் தாம் விட்ட இடத்திலிருந்து தொடரவோ, எழுதியதைச் சேமிக்கவோ விரும்பும்போது கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். அப்போது அவரே மனமுவந்து தொடங்குவார்.

மிகச் சிறந்த அடைக்கலம், எதையும் வாங்கிவைத்துக்கொள்ளாமலே காப்பதுதான். 2019 மார்ச்சில் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி ஏற்றுக்கொண்ட வெப்ஆத்தென் முறையிலும், அதன்வழி வந்த பாஸ்கீ என்ற ஏற்பாட்டிலும், ரகசியச் சாவி பயனரின் பொறுப்பிலேயே, அவர் கைப்பேசியிலோ அவருடைய சாவிக்காப்பகத்திலோ தங்கிவிடுகிறது. தளத்தாரிடம் இருப்பது பொதுச் சாவி மட்டும். சர்வர் தரும் ஒரு புதிர் எண்ணைக் கைப்பேசி கையொப்பமிட்டுத் திருப்புகிறது. தரவுத்தளம் முழுவதும் களவுபோனாலும் உள்நுழைய உதவும் ரகசியம் எதுவும் களவுபோவதில்லை. சாவி அந்தத் தளத்தின் முகவரியோடு பிணைந்திருப்பதால், போலித் தளத்துக்கு அது மயங்குவதுமில்லை. நம் நாட்டில் எல்லோரும் பழகியிருக்கும் எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. வெறும் கடவுச்சொல்லினும் மேலானது. ஆனால் போலிப் பக்கத்தில் பயனரே அதை எழுதிக்கொடுத்துவிடலாம். அவர் பெயரில் வேறொருவன் சிம் அட்டை பெற்றுவிட்டால் ஓ.டி.பி.யும் அவனிடமே போய்ச் சேரும். வசதி உள்ளவர்களுக்குப் பாஸ்கீயும், இல்லாதவர்களுக்கு ஒழுங்காக ஹேஷ் செய்த கடவுச்சொல்லும் என இருவழியும் வைப்பதே இன்றைக்கு உசிதம்.

வாயிலைக் காக்கும்போது பின்வாயிலை மறக்கக்கூடாது. கடவுச்சொல்லை மறந்தவருக்கு அனுப்பும் இணைப்பு ஒருமுறை மட்டும், குறுகிய காலம் மட்டும் செல்லுபடியாகவேண்டும். பழைய சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பும் தளம், அதை வெளிப்படையாகவோ திரும்பப் பெறத்தக்க வடிவிலோ வைத்திருக்கிறது என்று தானே ஒப்புக்கொள்கிறது. தவறாக உள்நுழைய முயன்றவரிடம் ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று சொல்வதும் தவறு. யார் எங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதும் ஒரு ரகசியமே. மருத்துவ ஆலோசனைக்கோ, விவாகரத்து பற்றிய சட்ட உதவிக்கோ ஒரு தளத்தை நாடியவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு துன்பம் விளைவிக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

கடைசியாக, வெளியேற விரும்புகிறவர். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறியவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதை எல்லோரும் பேசுகிறார்கள். அதே சட்டம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, அதைக் கொடுத்தபோது இருந்த அளவுக்கு எளிதாகவே இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அதை அதிகம் பேர் பேசுவதில்லை. கணக்குத் தொடங்க ஒரு பொத்தானும், மூடுவதற்கு மூன்று மின்னஞ்சல்களும் ஒரு தொலைபேசி அழைப்பும் என்று இருக்கும் தளங்கள் பல. கணக்கைத் தொடங்கும் நிரலை எழுதும் அன்றே, மூடும் நிரலையும் எழுதிவிடுங்கள்; தரவுத்தளத்திலிருந்து மட்டுமன்றி, காப்புப் பிரதிகளிலிருந்தும் எத்தனை நாளில் அழியும் என்பதைக் கணக்கிட்டு, அந்த எண்ணைப் பதிவுப் பக்கத்திலேயே, வாசகர் தம் பெயரை எழுதுவதற்கு முன் கண்ணில் படும்படி, தெளிவான தமிழில் அச்சிட்டு வையுங்கள்.